வலது குதிகால்

அலாரம் அடிப்பதற்கு முன்பே வீரமணிக்கு விழிப்பு வந்துவிடும். ஆனால் எழுந்திருக்கமாட்டான். கட்டிலில் உட்கார்ந்தபடி, வலது காலைத் தரையில் வைக்கலாமா, இன்னும் கொஞ்சம் கழித்து வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பான். முதல் அடிதான் பயங்கரம். ஆணியை நிமிர்த்தி வைத்து அதன்மேல் குதிகாலை அழுத்தியதுபோல் இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைவரை நொண்டிப் போய் வந்தால் வலி மெல்ல அடங்கும். இன்றைக்குப் பரவாயில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். நாலு மாதமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அவன் மினி பஸ் டிரைவர். செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து அனந்தபுரம் வழியாகப் பனமலை, அங்கிருந்து மறுபடி செஞ்சி. ஒரு நாளைக்கு ஐந்து நடை. பதினெட்டு வருடத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்று கண்டக்டர் பீமாராவ் பயணிகளிடம் பெருமையடிப்பான். முன்பெல்லாம் அதைக் கேட்டால் வீரமணிக்குச் சிரிப்பு வரும். இப்போது கேட்காததுபோல் ரோட்டைப் பார்ப்பான். வலி வந்திருப்பது வலது காலில். ஆக்சிலேட்டர், பிரேக் இரண்டும் அந்தக் காலுக்குத்தான். குதிகாலை ஊன்றித்தான் பாதத்தை இங்கும் அங்கும் மாற்ற வேண்டும்.

ஒவ்வொரு வளைவிலும் மனம் கணக்குப் போட ஆரம்பித்தது. இந்த இடத்தில் ஒரு குழந்தை குறுக்கே ஓடினால் வண்டி எங்கே நிற்கும்? அழுத்தும் நேரத்தில் சுருக்கென்று பிடித்துக்கொண்டால்? முன்னால் போகிற வண்டிக்கும் தன் வண்டிக்கும் நடுவே நிறைய இடம் விட்டு ஓட்டினான்.

"இன்னாண்ணே, மாட்டு வண்டி கணக்கா ஓட்றீங்க. கவர்மென்ட் பஸ்ஸு நம்ம ஆளுங்கள எல்லாம் ஏத்திக்கினு போயிடுது" என்றான் பீமாராவ்.

"ரோடு சரியில்லப்பா" என்றான் வீரமணி.

பிரேக்குக்கு இடது காலைப் பழக்கிக்கொள்ளலாமா என்றும் ஒருநாள் பார்த்தான். ஆளில்லாத சாலையில் மெதுவாகத்தான் வைத்தான். கிளட்சை மிதித்தே பழகின கால், ஒரே மிதியாக மிதித்துவிட்டது. வண்டி குலுங்கி நின்றதில் ஒரு அம்மாளின் கத்தரிக்காய்க் கூடை கவிழ்ந்து, காய்கள் சீட்டுக்கடியில் உருண்டன. அதோடு அந்த யோசனையை விட்டான்.

வீட்டில் அவன் மனைவி வெண்மதி செங்கல்லைச் சூடுபண்ணி, அதன்மேல் எருக்கிலையைப் போட்டு, அவன் காலை வைக்கச் சொல்வாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். நாளெல்லாம் நின்று வேலை செய்துவிட்டு வந்தும் இதற்கு முகம் சுளிக்கமாட்டாள்.

"ஒரு மாசமா செங்கல்லுதான் வெக்கிறோம். ஆசுபத்திரில போயி காட்டுனா இன்னா?"

"காட்டுனா வண்டி ஓட்டாதம்பாங்க. டீக்கடையில ஒருத்தன் சொல்றான், குதிகால்ல எலும்பு வளந்திருக்கும், ஆபரேசன்தான்னு."

"டீக்கடைக்காரன் எக்ஸ்ரே எடுத்தானா?"

வீரமணி மறுநாள் மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி, முதல் நடைக்கு முன்பு ஒன்று, மத்தியானம் ஒன்று என்று போட ஆரம்பித்தான். நெஞ்சு எரிந்தது. வலி கொஞ்சம் மங்கியது. பயம் மங்கவில்லை.

ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பனமலையிலிருந்து திரும்பும் நடை. வண்டி நிறையப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் நாலைந்து பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஏரிக்கரை வளைவு திரும்பினதும் பக்கத்து மண் பாதையிலிருந்து ஒரு மொபெட், பின்னால் இரண்டு கட்டுப் புல்லோடு, இந்தப்பக்கம் அந்தப்பக்கம் பார்க்காமல் ரோட்டில் ஏறியது.

வீரமணி பிரேக்கை மிதித்தான். குதிகாலிலிருந்து கெண்டைக்கால்வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் ஒரு வலி. அந்த நொடியில் கால் தானாகப் பிரேக்கை விட்டு எழும்பியது. எழும்பியது அவனுக்குத் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி மிதித்தான். பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். மொபெட் சரிந்து விழுந்தது. பஸ்ஸின் பம்பருக்கும் அந்த ஆளுக்கும் நடுவே ஒரு முழ இடம்கூட இல்லை.

வண்டியிலிருந்தவர்கள் இறங்கிப் போய் மொபெட்காரரைப் பிடித்துக்கொண்டார்கள். கண்ணு தெரியலையா, டிரைவர் நல்லவரா இருந்ததால பொழச்ச என்று ஆளுக்கு ஆள் சத்தம் போட்டார்கள். அவருக்கு அறுபது வயதிருக்கும். முட்டியில் லேசான சிராய்ப்பு. எழுந்து வந்து ஜன்னலுக்குக் கீழே நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"தப்பு என்னுதுதான் தம்பி. நீ இல்லன்னா நான் போயிருப்பேன்."

வீரமணி தலையை மட்டும் ஆட்டினான்.

அனந்தபுரம்வரை ஊர்ந்துகொண்டே வந்து பிள்ளைகளை இறக்கிவிட்டான். பிறகு இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்தான்.

"பீமா, நான் இதுக்குமேல ஓட்டமாட்டேன்."

"இன்னாண்ணே, பயந்துட்டீங்களா? அந்தாளு வந்த வேகத்துக்கு நீங்க நிறுத்துனதே பெரிசு."

"நான் ஒழுங்கா நிறுத்தல. கால எடுத்துட்டேன். வலி தாங்கல, தானா எழும்பிடுச்சு. மறுபடி மிதிச்சப்பதான் நின்னுது. நாலு மாசமா இந்த வலி இருக்குது. உங்கிட்டகூட சொல்லல."

 பீமாராவ் வண்டிக்குள் போய், மீதி இருந்தவர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்து, பின்னால் வந்த அரசு பஸ்ஸில் ஏற்றிவிட்டான். ஒருவர் திட்டிக்கொண்டே போனார்.

வண்டி முதலாளி செல்லப்பனுக்கு வீரமணியே போன் செய்தான்.

"யாருக்கும் அடி இல்லல்ல? அப்புறம் இன்னா? மெதுவா செஞ்சிவரைக்கும் கொண்டாந்துடு. வேற ஆளுக்கு நான் இப்ப எங்க போறது?"

"இல்லிங்க. ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டமாட்டேன். வண்டிய இங்கயே விட்டிருக்குறேன். ஆள அனுப்புங்க."

"இதத்தான் உன்னோட கடைசி நடைன்னு வெச்சிக்கலாமா வீரமணி?"

"நீங்க எப்டி வெச்சிக்கிறீங்களோ" என்று சொல்லிவிட்டு போனை வைத்தான். பதினெட்டு வருடத்தில் முதலாளியிடம் அப்படிப் பேசியதில்லை.

மறுநாள் வெண்மதி லீவு போட்டுவிட்டு அவனைச் செஞ்சி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். டாக்டர் சர்க்கரை பார்க்கச் சொன்னார், எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தில் குதிகாலின் அடியில் முள்ளுபோல் சின்னதாக ஒரு நீட்சி. அதைப் பார்த்ததும் வீரமணிக்கு டீக்கடைப் பேச்சு நினைவுக்கு வந்தது. டாக்டர் பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர் சுமலதா.

"இந்த எலும்பத்தான ஆபரேசன் பண்ணுவாங்க?" என்று உட்காருவதற்கு முன்பே கேட்டான்.

"இது வலியே இல்லாத நிறைய பேருக்கும் இருக்குதுங்க. அத விடுங்க." அவர் அவன் பாதத்தைப் பிடித்து, குதிகாலின் உட்பக்கத்தில் கட்டை விரலால் ஒரு இடத்தை அழுத்தினார். வீரமணி கட்டிலைப் பிடித்துக்கொண்டான். "இங்கதான். குதிகால்லேர்ந்து விரல்வரைக்கும் ஒரு பட்டை ஓடுது. அது புண்பட்டிருக்கு. தூங்கும்போது, ரொம்ப நேரம் உக்காரும்போது சுருங்கிடும். எழுந்து மிதிச்சதும் இழுக்கும். அதான் மொத அடி உயிர் போவுது."

"ஒரு ஊசி போட்டா சரியாயிடுமா மேடம்? நான் வண்டி ஓட்டணும்."

"ஊசி இருக்குது. அவசரப்பட்டு அத போட வேணாம். பயிற்சி பண்ணுங்க. நிறைய பேருக்கு அதுலயே அடங்கிடும். ஆனா ஒரு வாரத்துல ஆவாது, மாசக்கணக்குல ஆவும். மாத்திரைய போட்டு மறைச்சிக்கினு ஓட்டாதீங்க."

மாசக்கணக்கு என்ற சொல் வீரமணியின் காதிலேயே நின்றது.

எழுந்ததும் கால் வைக்காமல், கட்டிலிலேயே ஒரு துண்டைப் பாதத்தில் போட்டு விரல்களைத் தன்பக்கம் இழுக்க வேண்டும். வெறுங்காலோடு வீட்டுக்குள்ளும் நடக்கக்கூடாது, மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு போட வேண்டும். சுவரில் கைவைத்து, பின்காலை நீட்டிக் கெண்டைச்சதையை இழுத்துப் பிடிக்க வேண்டும், நாளுக்கு மூன்று வேளை. பாட்டிலில் தண்ணீரை ஐஸாக்கி அதன்மேல் பாதத்தை உருட்ட வேண்டும். இவ்வளவுதான் வைத்தியம். இவ்வளவுதானா என்பதே அவனுக்குப் பயமாக இருந்தது.

முதல் மூன்று வாரம் எந்த வித்தியாசமும் இல்லை. நாலாவது வாரம் ஒருநாள் காலை வலி பாதியாகக் குறைந்திருந்தது. சந்தோஷத்தில் கடைத்தெரு முழுக்க நடந்தான். அடுத்த நாள் பழையபடி ஆணி. சுவரில் கைவைத்தபடியே நின்று அழுதான். வெண்மதி ஐஸ் பாட்டிலை எடுத்து வந்து நாற்காலியின் கீழே வைத்தாள்.

"அந்தப் பெரியவரு என்னப் பாத்து கும்பிட்டாரு" என்றான். "வண்டி நிறைய பிள்ளைங்க."

"யாருக்கும் ஒண்ணும் ஆவல. நீங்கதான் நிறுத்துனீங்க. அதுக்கப்புறம் ஓட்டுறதயும் நிறுத்துனீங்க. உக்காருங்க, ஐஸு உருகுது."

வண்டியை வேறு ஒரு டிரைவர் ஓட்டிக்கொண்டிருந்தான். செல்லப்பன் போன் செய்யவில்லை. பீமாராவ் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து போவான். புது ஆள் வளைவில் ஹாரன் அடிப்பதில்லை என்று சொன்னான். அதைக் கேட்டபிறகு வீரமணிக்குச் சோறு இறங்கவில்லை.

பத்தாவது வாரம் செல்லப்பனே கூப்பிட்டார். புது டிரைவர் சென்னைக்குப் போகிறானாம். "பீமா எல்லாத்தயும் சொன்னான். அன்னிக்கு நான் பேசுனத மனசுல வெச்சிக்காத. காலு எப்டி இருக்குது?"

"ஓட்டிப் பாத்துட்டு சொல்றேங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி காலியாக இருந்தது. பீமாராவ் பக்கத்தில் நிற்க, ஊருக்கு வெளியே நேரான சாலையில் எடுத்துப் போனான். நாற்பதில் போகும்போது பீமாராவ் திடீரென்று "நிறுத்துங்கண்ணே" என்பான், வீரமணி மிதிப்பான். பத்து முறை. எட்டாவது முறை வரையில் ஒன்றுமில்லை. ஒன்பதாவதில் குதிகாலில் சுருக்கென்றது. கால் எழும்பவில்லை, வண்டி நின்றது. பத்தாவதிலும் அப்படித்தான்.

"அப்புறம் இன்னாண்ணே? நாளைக்கு மொத நடை எடுத்துடலாம்" என்றான் பீமாராவ். அவன் முகமெல்லாம் சிரிப்பு.

வீரமணி குனிந்து தன் பாதத்தைப் பார்த்தான். வண்டி ஓட்ட வேண்டும் என்று கையெல்லாம் பரபரத்தது. நாளெல்லாம் இந்தக் காலோடு ஐந்து நடை. ஒவ்வொரு நடையிலும் எத்தனை பிரேக்.

போனை எடுத்தான்.

"முதலாளி, காலு பரவால்ல. ஆனா கடைசில லேசா வலிச்சுது. இன்னும் ரெண்டு வாரம் குடுங்க. அப்பவும் மொதல்ல ரெண்டு நடைதான் எடுப்பேன்."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "சரி. ரெண்டு வாரத்துக்கு ஆளு பாக்குறேன்."

வண்டியைத் திருப்பிச் செஞ்சிக்கு ஓட்டிவந்தான். பஸ் ஸ்டாண்டில் சாவியை பீமாராவிடம் கொடுத்துவிட்டு, செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு, படியிலிருந்து மெதுவாக இறங்கினான்.