தூக்குக்குண்டுக்கு நேராக

எதிர்வீட்டுக் கொத்தனார் தினமும் காலை ஆறரைக்கு, சட்டை இல்லாமல், வாசல் நிலைக்குள் பக்கவாட்டாக நிற்பார். என் சமையலறை ஜன்னல் அதற்கு நேராக அமைந்தது என் தவறில்லை. நிலையின் மேல்கட்டையில் ஓர் ஆணி, ஆணியில் நூல், நூலின் நுனியில் தூக்குக்குண்டு. சுவர் கோணாமல் எழும்புகிறதா என்று இத்தனை வருடமும் பார்த்த அதே குண்டு, இப்போது அவர் முதுகைப் பார்த்தது.

முதுகு பிடித்துச் சாரத்தில் ஏற முடியாமல் ஐந்து மாதமாகியிருந்தது. பிசியோதெரபிஸ்ட் சொன்னதை அவர் மனைவி என்னிடம் அப்படியே ஒப்பித்தாள். தொப்பையின் கனம் இடுப்பை முன்னால் இழுக்கிறதாம். அதைச் சமாளிக்க மேல்முதுகு கூனி, கழுத்து நீள்கிறதாம். நேராக நிற்பவருக்குக் காது, தோள், இடுப்பு, கணுக்கால் நான்கும் ஒரே கோட்டில் வரவேண்டுமாம். பயிற்சி செய்து எடையைக் குறைத்தால் ஒரு வருடத்தில் பார்க்கலாமாம். அந்த ஒரு வருடம் மட்டும் கொத்தனார் காதில் ஏறவில்லை. மழைக்காலம் முடியும்வரைதான் இடத்தைக் காலியாக வைத்திருப்பேன் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். கொத்தனார் வீட்டுக்கு வந்ததும் ஆணி அடித்துவிட்டார்.

தரையில் சாக்பீஸ் கோடு, கோட்டில் குதிகால். குண்டு கணுக்காலுக்கு நேராகத் தொங்கும். காது மட்டும் நூலைத் தாண்டி நான்கு விரல் முன்னால் நிற்கும். உள்ளே இருக்கும் கண்ணாடியில் அவருக்கு இடுப்புக்கு மேலேதான் தெரியும். குனிந்தால் தொப்பை. தன் கணுக்காலை அவர் பார்த்து வருடக்கணக்காகிறது என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தவள் நான்தான். ‘பால்கனி’ என்று பட்டப்பெயர் வைத்தவளும் நான்தான்.

நான்கு விரல் மூன்றானது. தொப்பை கொஞ்சம் வற்றியது உண்மை. ஆனால் முதுகு என் கண்ணுக்கு அப்படியேதான் இருந்தது. ஒருநாள் அவர் நடக்கப் போயிருந்தபோது, அவர் மனைவி ஸ்டூலில் ஏறி ஆணியைப் பிடுங்கி ஒரு விரல் முன்னால் தள்ளி அடித்தாள். பழைய ஓட்டையைச் சோப்பால் அடைத்தாள். அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன்.

“என்னடி, புருஷன நிமித்தச் சொன்னா ஆணிய நகத்துற?”

“விரல் குறையலேன்னா சோறு வேணாங்குறாருக்கா. மூணு நாளா வெறுந்தண்ணி. நேத்து பாத்ரூம்ல மயங்கி விழுந்துட்டாரு. நாளைக்குக் குறைஞ்சிருந்தா ரெண்டு வாயாவது சாப்பிடுவாரு.”

“நம்பிக்கிட்டு சாரத்துல ஏறிட்டா?”

“அதுக்குள்ள நெசமாவே சரியாயிடும்க்கா.”

யார் வீட்டில் என்ன நடந்தாலும் முனைக்கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவள் நான். இதை மட்டும் சொல்லவில்லை. என் வாய்க்கு நல்ல புத்தி வந்த நேரம் அப்படி.

அதற்குப் பிறகும் ஆணி இரண்டு தடவை நகர்ந்தது. நூல் காதைத் தொட்ட அன்று அவர் என் ஜன்னலைப் பார்த்துச் சிரித்தார். “பால்கனிய இடிச்சாச்சு. போய்த் தெருவுல சொல்லுங்க.” நானும் சிரித்து வைத்தேன்.

மறுநாள் சாரத்தில் ஏறினார். மதியத்துக்குள், கலவைச் சட்டியைத் தூக்கின இடத்திலேயே முதுகு பூட்டிக்கொண்டது. செங்கல் ஏற்றும் கயிற்றில் பலகை கட்டி, அதில் உட்காரவைத்து இறக்கினார்கள். “உடம்பப் பாத்துக்க” என்று மட்டும் மேஸ்திரி சொன்னாராம். அதற்கு என்ன அர்த்தம் என்று கொத்தனாருக்குத் தெரியும்.

மூன்று வாரம் கூடத்துக் கட்டிலில் கிடந்தார். அங்கிருந்து பார்த்தால் எதிரே வாசல் நிலைதான். சுவரில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கிற கண் அவருக்கு. சோப்பும் காய்ந்து உதிர ஆரம்பித்திருந்தது.

எழுந்து நின்ற முதல் காலை, “அந்த ஆணிய மொத ஓட்டையில அடி” என்றார்.

அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் ஸ்டூலில் ஏறி, அடித்துவிட்டு இறங்கினாள். அவர் கோட்டில் குதிகாலை வைத்தார்.

“எவ்ளோ?”

“நாலு.”

“சரியாப் பாரு.”

நூலுக்கும் காதுக்கும் நடுவே விரல்களை வைத்தாள். நான்கு வைத்தும் இடம் மிச்சமிருந்தது. இன்னொரு கையின் விரலையும் சேர்த்தாள்.

“அஞ்சு.”



“சரி, சோறு வை” என்றார்.

அவள் நகரவில்லை. காதோரம் இருந்த அந்தக் கையின்மேல் அவர் தலையைச் சாய்த்துக்கொண்டார். கணுக்காலுக்குப் பக்கத்தில் குண்டு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.