கூரைக்குக் கீழே ஒரு சாண்

பேராச்சிக்கு இருமல் தொடங்கி அன்றோடு இருபது நாள். இதை விரல் விட்டு எண்ணாமல் சொல்லக்கூடியவன் அந்த வீட்டில் அவள் தம்பி சொரிமுத்து ஒருவன்தான். பகலில் சயானில் ஒரு பட்டறையின் ஸ்டோரில் வேலை, சாயங்காலம் மாதுங்காவில் வரைபட வகுப்பு, வகுப்பு விட்டு வந்ததும் நாட்குறிப்பு என்று அவன் நாள் மூன்று துண்டாக நறுக்கியது போல் இருக்கும். நாட்குறிப்பில் பெரிய சங்கதி எதுவும் கிடையாது. பஸ் எத்தனை நிமிஷம் தாமதம், குழாயில் தண்ணீர் எப்போது நின்றது, அக்கா என்ன குழம்பு வைத்தாள், இவ்வளவுதான். அதிலும் அவனுக்குச் சந்தேகம் தீராது. ‘ஏழு நிமிஷம்’ என்று எழுதிவிட்டு, ‘ஆறாகவும் இருக்கலாம்’ என்று பக்கத்தில் சேர்ப்பான்.

அறுபத்தைந்தாம் வருஷம், ஜூன் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. பேராச்சியின் புருஷன் தளவாய் டீத்தம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பேச்சை எடுத்தான்.

“வார ஞாயித்துக்கெழம பூதத்தான் அண்ணாச்சி குடும்பத்தோட ஊருக்குப் போறாரு. நீயும் கூடப் போயிரு. ரெண்டு மாசம் இருந்துட்டு வா.”

“எனக்கு என்ன இப்போ? எக்ஸ்ரேயில ஒண்ணுமில்லன்னு டாக்டரே சொல்லிட்டாருல்லா?”

“எக்ஸ்ரேயா இருமுது? நீதான இருமுத. இந்த ஊரு பாரிஷ், இந்த மழ, ஒனக்கு ஒத்துக்கிடல.”

பேராச்சி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது. தளவாய், பார்த்தாயா என்பது போல் மைத்துனனைப் பார்த்தான்.

கல்யாணமாகி ஐந்து வருஷம் மாமியாரோடு ஊரில் கிடந்து, போன வருஷம்தான் பேராச்சி தாராவிக்கு வந்து சேர்ந்திருந்தாள். ஊர்க்காரர் பூதத்தானின் தம்பி பெண்டாட்டியும் இப்படித்தான் இரண்டு மாதம் என்று ரயிலேறினாள். இரண்டு தீபாவளி போய்விட்டது, இன்னும் வரவில்லை. தளவாய் வெளியே போனதும் பேராச்சி தம்பியிடம் சொன்னாள்: “ஏல, போனேன்னா அவ்வளவுதான். களை எடுக்க ஆளில்ல, கதிரறுக்க ஆளில்லன்னு அத்த பிடிச்சு வச்சுக்கிடுவா. இவரும் இங்க மெஸ்ஸுல சாப்பிட்டுப் பழகிருவாரு.”

சொரிமுத்து நாட்குறிப்பைப் பின்னோக்கிப் புரட்டினான். ஜூன் எட்டு: ‘அக்காவுக்கு இருமல். ஐந்தாறு தடவை.’ ஜூன் ஏழு: ‘மழை பிடித்தது.’ ஜூன் ஆறு, ஞாயிறு: ‘கூரை இடைவெளியை நான்கு பக்கமும் அடைத்தேன். சாக்கு, அதன்மேல் தார். நன்றாக வந்திருக்கிறது.’

அந்த வரியை இரண்டு தடவை படித்தான்.

சுவர் ஆள் உயரத்துக்குச் செங்கல், மேலே தகரக் கூரை, இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அந்தச் சந்தில் எல்லா வீடும் அப்படித்தான். மழைக்கு முன்னால் எல்லாரும் அதை அரைகுறையாக அடைப்பார்கள். சொரிமுத்து அரைகுறையாக எதையும் செய்கிறவன் அல்ல. எறும்பு நுழைய வழியில்லாமல் அடைத்திருந்தான். இருமல் வந்த பிறகு, நெஞ்சுச் சளிக்காரிக்குக் காற்றுப் படக்கூடாது என்று கதவையும் சாத்தி வைத்தார்கள். சளி இளகட்டும் என்று சாயங்காலம் சாம்பிராணி வேறு போட்டார்கள். ஊர்ப்பக்கத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அதோடு அந்த வீட்டு அடுப்பு மரத்தூள் அடுப்பு. தளவாய்க்கு மேஜை நாற்காலி செய்யும் பட்டறையில் வேலை என்பதால் மரத்தூள் மூட்டையாக வரும். தகர டின்னின் நடுவில் ஒரு கட்டையை நிறுத்தி, சுற்றிலும் தூளைக் குத்தி இறுக்கி, கட்டையை உருவினால் குழல் போல் ஓட்டை விழும். அடியில் நெருப்பு வைத்தால் மூன்று மணி நேரம் கனன்று எரியும். மற்ற வீட்டுப் பெண்கள் கரி அடுப்பைச் சந்தில் வைத்துப் பற்றவைத்து, புகை அடங்கிய பிறகு உள்ளே தூக்கிப் போவார்கள். மரத்தூள் அடுப்பை எரியும்போது அசைத்தால் தூள் சரிந்து அணைந்துவிடும். ஆகவே முதல் புகையிலிருந்து கடைசிப் புகைவரை எல்லாம் வீட்டுக்குள்தான். முன்பு அது அந்த ஒரு சாண் வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

அடைத்தவன் தானே என்று நினைத்து, அண்ணாந்து அந்தத் தாரைப் பார்த்தான். உடனே மறு சந்தேகமும் வந்தது. மழையும் அதே வாரம்தானே பிடித்தது? அத்தான் சொல்வது போல் மழைதான் காரணமென்றால்? அடைப்பைப் பிடுங்கி வீட்டையும் நனைத்து, அக்காவையும் ஊருக்கு அனுப்பியதாக ஆகும். சொல்லாமல் இருந்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. மத்தியானம் தளவாய் சாப்பிட உட்கார்ந்தபோது சொல்லிவிட்டான்.

தளவாய் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். “அன்னைக்கு என்னமோ அணைக்கட்டு கட்டுனவன் மாதிரி சந்துல போற வாறவனையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுன. இப்ப அதையே பிடுங்கணும்னு சொல்லுத.”

“எல்லாத்தையும் இல்ல அத்தான். அடுப்புக்கு நேர் மேல ஒரு முழம், கதவுக்கு மேல ஒரு முழம். பொகை அங்கிட்டுப் போகவும் காத்து இங்கிட்டு வரவும்.”

“வீடு நனைஞ்சா?”

“நனையலாம்.”

“இருமல் நிக்குமா?”

“நிக்கலாம். நிக்காமலும் போவலாம்.”

“பக்காவாச் சொல்லுதான் பாரு,” என்றான் தளவாய் பெண்டாட்டியிடம். பிறகு, “வியாழக்கெழம சாயந்தரம் டிக்கெட்டுக்காக அண்ணாச்சி வருவாரு. அதுவரைக்கும் பாத்துக்க,” என்றான்.

இருந்தது நான்கே நாள். அதிலும் சொரிமுத்து திங்கட்கிழமை எதையும் தொடவில்லை. இருக்கிறபடி இருந்தால் எத்தனை இருமல் என்று தெரியாமல், குறைந்ததா கூடியதா என்று எப்படிச் சொல்வது? பகலில் எண்ணுவதற்கு அவன் வீட்டில் இல்லை. பேராச்சியே வழி சொன்னாள். இருமும்போதெல்லாம் ஒரு புளியங்கொட்டையைத் தம்ளரில் போட்டுவிடுகிறேன் என்றாள். திங்களன்று நாற்பத்து மூன்று.

செவ்வாய் விடியலில் சாக்கைக் கிழித்து இரண்டு வழியும் திறந்தான். அன்றைக்கு வகுப்பைக் கூட விட்டுவிட்டு நேராக வீட்டுக்கு வந்தான். தம்ளரில் நாற்பது. திறந்த வழியாகச் சாரல் அடித்து மரத்தூளெல்லாம் ஈரம். ஈரத்தூள் இன்னும் மோசமாகப் புகைந்திருக்கிறது. அவன் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது பக்கத்து வீட்டுக் கரீம் பாட்சா வாசலில் வந்து நின்றார். தகர டிரங்குப் பெட்டி செய்கிறவர், பத்தமடைக்காரர்.

“தம்பி, ஒங்க வீட்டுப் பொகைக்கு எங்க வீட்டுல என்ன வேல? காலையிலேருந்து விருந்தாளி மாதிரி வந்து குந்தியிருக்கு.”

சொரிமுத்து எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னான். எட்டாம் தேதியிலிருந்து தொடங்கினான். கரீம் பாட்சா பாதிக் கதையிலேயே உள்ளே வந்து கூரையை அண்ணாந்து பார்த்தார்.

“ஓட்டை போட்டாச் சரி, அதுக்கு மூடி வேண்டாமாய்யா? பொட்டி மூடி மாதிரி சாய்வா ஒண்ணு வச்சா மழை வழுக்கிட்டுப் போயிரும், பொகை மேல பாத்துப் போயிரும். கீல் வச்சுத் தாரேன். பேய்மழைன்னா ஒரு குச்சியால இழுத்துச் சாத்திக்க.” பிறகு பேராச்சியைப் பார்த்து, “ஏ புள்ள, கதவைத் தொறந்து போடு. நெஞ்சு என்ன சீனியா, காத்துல கரையதுக்கு?” என்றார்.

இருட்டுவதற்குள் மூடி கூரையேறிவிட்டது.

புதன்கிழமை மழை ரயிலையே நிறுத்தியது. சொரிமுத்து சயானிலிருந்து முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தான். தம்ளரில் இருபத்தொன்று. அந்த வருஷத்திலேயே பெரிய மழை அன்றுதான். இருமலோ பாதிக்குப் பாதி. அவன் உடம்பு துடைக்கக்கூட இல்லாமல் இரண்டாம் தடவை எண்ணினான். பேராச்சி சிரித்தாள். “ஏல, நான் கொட்டையை ஒளிச்சு வச்சிருப்பேன்னு பாக்கியா?” அவனுக்கு அந்தச் சந்தேகமும் இருக்கத்தான் செய்தது. ஆனால் அவள் குரலில் கரகரப்பு குறைந்திருந்தது. அதை எண்ண வழியில்லை என்பதால் அவன் எழுதவில்லை.

வியாழக்கிழமை ஒன்பது.

சாயங்காலம் பூதத்தான் குடையை உதறிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வகுப்பு இல்லாததால் சொரிமுத்துவும் வீட்டில் இருந்தான். தளவாய்க்கு மனம் பாதி மாறியிருந்தது, மீதி மாறவில்லை.

“ஒம்பது இன்னும் இருக்குல்லா அண்ணாச்சி,” என்றான். “கூட்டிட்டுப் போயிருங்களேன். ஊருக்குப் போனா அதுவும் நின்னுரும்.”

அடுப்பு முன்னால் நின்று குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருந்த பேராச்சி, வற்றல் மிளகாயை ஒரு கைப்பிடி கிள்ளி எண்ணெயில் போட்டாள். வழக்கமாக இரண்டோ மூன்றோதான் போடுவாள். கார நெடி குப்பென்று கிளம்பி ஒரு சுற்றுச் சுற்றியது. பூதத்தான் முதலில் இருமினார். தளவாய் தும்மி, பிறகு இருமினான். சொரிமுத்துவுக்குக் கண்ணில் நீர் கொட்டியது. நெடி கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்குக் கீழே திரண்டு வெளியே போக, அடுப்பின் பக்கம் முந்தானையை மூக்கில் வைத்து நின்ற பேராச்சி ஒரு தடவைகூட இருமவில்லை.

“இங்க இருமுதது மூணு பேரு,” என்றாள். “யாருக்கு டிக்கெட் எடுக்கணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க அண்ணாச்சி.”

பூதத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். தளவாய்க்கும் அடக்க முடியவில்லை. சிரிப்பும் இருமலுமாகக் கையை ஆட்டினான்.

“சரி, சரி. அவளுக்கு எடுக்காண்டாம் அண்ணாச்சி. அம்ம கேட்டா, ஒடம்பு தேறிட்டு, தீவாளிக்கு ரெண்டு பேருமா வருவோம்னு சொல்லுங்க.”

பேராச்சி திரும்பிக்கொண்டு குழம்பைக் கிண்டினாள். கிண்ட வேண்டிய அவசியம் இருந்ததாகச் சொரிமுத்துவுக்குத் தெரியவில்லை.

“எங்க வீட்டையும் தாரு போட்டு அடச்சுத்தான் வச்சிருக்கேன்,” என்றார் பூதத்தான் கூரையைப் பார்த்துக்கொண்டே. “ஒன் மதினி ராவெல்லாம் கொரட்டை விடுதா, தலவலிங்கா. நாங்க ஊருக்குப் போயிட்டு வாரதுக்குள்ள ஒரு எட்டு பாத்து வையேன்ல.”

“நிச்சயமாச் சொல்ல முடியாது அண்ணாச்சி,” என்றான் சொரிமுத்து. “எதுக்கும் பொறப்படுததுக்கு முன்னால ஒரு நாள் எண்ணி வையுங்க.”

“கொரட்டையையா?”

“அண்ணாச்சி, சாப்பிட்டுட்டு எண்ணலாம்,” என்று பேராச்சி நான்கு தட்டு எடுத்து வைத்தாள்.