எட்டுப் பேர் சுமந்த மனு

சூசைதாசன், ஹாஷிம் நானாவின் மளிகைக் கடைக்குத் தரவேண்டியிருந்தது மூவாயிரத்து நானூற்று எழுபத்தைந்து ரூபாய். அவன் கொட்டாஞ்சேனையில் மூட்டை சுமக்கும் நாட்டாமை. மாவு மூட்டைகள் சரிந்து இடுப்பெலும்பு முறிந்து அவன் படுத்தபோது, நாட்கூலிக்கு நட்டஈடு கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். இல்லாவிட்டால் இடம் பண்ணவேண்டியதுதான் என்று அவன் மனைவி செலீன் பாராளுமன்றத்துக்கு ஒரு மனு எழுதுவித்து, ஜிந்துப்பிட்டி முதல் தெமட்டகொடை வரை சந்து சந்தாகக் கொண்டுபோனாள். யுத்த காலம். பெயர் எழுதப் பயந்தவர்களும் கைநாட்டு வைத்தார்கள். வைத்தவர் அதுவரை சுமந்த பாரமெல்லாம் தோளை விட்டு மனுவில் இறங்கியது. கூன்கள் நிமிர்ந்தன, மனு கனத்தது. ஹாஷிம் நானாவும் வாலிபத்தில் சீனி மூட்டை தூக்கியவர்தான். விரலை மையில் தொட்டு வைத்துவிட்டு, தோளைத் தடவிப் பார்த்தபடி கடைக்குள் போனார்.

நாலைந்து தாள்தான். ஆனாலும் அதைத் தூக்க எட்டு நாட்டாமைகள் வேண்டியிருந்தது. பொரளைச் சோதனைச்சாவடியில் ஆமிக்காரன் ஒருவன், என்ன இது என்று சிங்களத்தில் கேட்டான்.

"பெட்டிசம் மாத்தயா. சந்தேகமெண்டாத் தூக்கிப் பாருங்களேன்," என்றான் முன்னால் நின்ற ஒஸ்வால்ட்.

ஆமிக்காரனால் அதை அசைக்க முடியவில்லை. தன் அப்பனும் மூட்டை தூக்கியவர் என்று சொல்லி, துவக்கைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தானும் கையெழுத்து வைத்தான்.

பாராளுமன்ற வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள் காவலர்கள். உரியவர் இறக்கச் சொல்லாமல் நாட்டாமை சுமையை இறக்குவதில்லை. சொன்னவருக்கே பிறகு அந்தச் சுமை. எட்டுப் பேரும் மனுவோடு அப்படியே நின்றார்கள். பொழுதுபடும்போது வெளியே வந்த ஓர் எம்.பி., பார்க்கப் பொறுக்காமல், "இறக்குங்கப்பா," என்றார். அன்றோடு அது அவருடையதாயிற்று. சபை மேசையில் அவர் வைப்பித்த மனுவை அலுமாரிக்கு மாற்ற எவராலும் முடியவில்லை. எந்தச் சட்டமூலம் வந்தாலும் அதைச் சுற்றித்தான் பரப்பவேண்டியிருந்தது. இரண்டு வருடம் கழித்து, நாட்கூலிக்கும் நட்டஈடு என்று சட்டம் நிறைவேறியது. அன்று மாலை பியோன் ஒருவர் மனுவை இரண்டு விரலால் எடுத்துக்கொண்டு போனார்.

சட்டம் இனிமேல் விழுகிறவர்களுக்குத்தான். சூசைதாசனுக்கு ஒரு சதமும் இல்லை.

"பரவாயில்லயப்பா. இனி விழுறவன்ட பெஞ்சாதி கடனுக்கு அலையமாட்டாள்," என்றான் அவன்.

செலீன் இடியப்பம் விற்றுச் சேர்த்த முந்நூறு ரூபாயோடு கடைக்குப் போனாள்.

"மிச்சத்தக் கொஞ்சம் கொஞ்சமாத் தாறன் நானா."

நானா தோளை அசைத்துப் பார்த்தார். "அந்தக் கணக்கு இங்க இல்லயே தங்கச்சி. அண்டைக்கு வெரல் வெச்ச நேரம் அதும் சேந்து எறங்கிட்டு. நீங்க மட்டும் ஏன் சொமக்கிற? எறக்குங்க."

செலீன் காசைத் திரும்ப முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே வந்தாள். அவள் கால் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் போனது. தெருவில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கைநாட்டு வைத்தவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் நடந்தார்கள்.