கீர்த்தனா திருத்திய கை

2007இல் திண்டுக்கல்லில் ஒரு சிறிய அனிமேஷன் நிறுவனம், மேடைப் பொம்மலாட்டத்தோடு கணினிப் பொம்மையையும் சேர்த்து ஆடவைக்க முயன்றது. பொம்மலாட்டக்காரர் ஒச்சப்பனின் கைகளில் சென்சார் பட்டைகளைக் கட்டினார்கள். அவர் கையை அசைத்தால் திரையில் கணினி ராஜா அசைவான்; அந்த அசைவு கணினியில் பதிவாகும். திரைக்கு முன்னால் அவர் மனைவி பேச்சாயி மர ராணியை நூல் பிடித்து ஆட்டுவாள். கணினியைக் கவனித்தவள் கீர்த்தனா, ரெட்டியார்சத்திரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் பெண்.

ஒத்திகையின் நான்காம் நாள், வாளைத் தூக்கப்போன ராஜாவின் வலக்கை பாதியில் நின்று நடுங்கியது. கீர்த்தனா பட்டையைக் கழற்றி மாட்டினாள். மறுநாளும் அப்படியே ஆனது. சென்சார் கோளாறு என்று நினைத்து, பதிவில் அந்த இடங்களை வெட்டி நல்ல அசைவுகளால் நிரப்பினாள். முதலாளி சகாயராஜ் பாராட்டினார்.

ஒன்பதாம் நாள் காலை பல் விளக்கும்போது ஒச்சப்பன் விழுந்தார். பக்கவாதம். நான்கு நாளில் இறந்துபோனார். ஆஸ்பத்திரியில் டாக்டர், "முன்னாடியே கை நடுங்குச்சா?" என்று பேச்சாயியிடம் கேட்டபோது கீர்த்தனா பக்கத்தில்தான் நின்றாள். தான் பார்த்ததை மறைத்துவிட்டாள்.

பதிவு இருக்கிறதே, அதை ஓட்டி நிகழ்ச்சியை நடத்தலாம் என்றார் சகாயராஜ். காரியம் முடிந்த மறுவாரம் பேச்சாயி ஒத்திகைக்கு வந்தாள். அன்று கீர்த்தனாவால் அதற்குமேல் மறைக்க முடியவில்லை.

"அக்கா, அவரு கை நடுங்குனத நான் பாத்தேன். மிஷின் தப்புன்னு அழிச்சுட்டேன்."

பேச்சாயி ராணியைக் கீழே வைத்தாள்.

"எங்கிட்டயும் சொன்னாரு தாயி. பட்டைய இறுக்கிக் கட்டுறாக, கை மரத்துப்போகுதுன்னு. செத்த நேரம் தேச்சுவிட்டேன். அம்புட்டுத்தேன்." பிறகு கேட்டாள். "அழிக்காதது இருக்கா?"

"இருக்கு."

"போடு."

ராஜாவின் கை நடுங்கியது. பேச்சாயி திரையருகே போய் நின்று பார்த்தாள். மூன்று முறை போடச் சொன்னாள்.

"நீ திருத்துனது அவரு கையில்ல. அதுகூட நான் ஆட மாட்டேன். இத வச்சும் ஆட மாட்டேன்."

ராணியைத் துணியில் சுற்றிக்கொண்டு ஊருக்குப் போக கொடைரோடு பஸ் ஏறினாள்.

சகாயராஜ் வேறொரு ராணிப் பொம்மையையும் அதை ஆட்ட வேறொருவரையும் வைத்து ஒரு கல்லூரி அரங்கில் நிகழ்ச்சியை நடத்தினார். திருத்திய பதிவைத்தான் ஓட்டச் சொன்னார், கீர்த்தனா ஓட்டினாள். கூட்டம் கைதட்டியது. மேடைக்குக் கூப்பிட்டபோது அவள் எழுந்திருக்கவில்லை. மறுநாளிலிருந்து வேலைக்கும் போகவில்லை.