பின்கழுத்துச் சொல்

எங்கள் ஊரில் ஆட்கள் மாறாமல் இருக்கப் பின்கழுத்தில் ஒரு சொல் எழுதிய சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். பிறந்த பதினாறாம் நாள் ஒட்டுவார்கள். சீட்டு விழுந்துவிட்டால் அன்று மாலை ஐந்து மணிக்குள் வேறு ஒட்டியாக வேண்டும். ஒட்டினால் போனதெல்லாம் திரும்பிவிடும். தவறினால் ஆள் வேறு ஆள், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் கோவர்த்தனன் செவ்வாய்க்கிழமை சலூனுக்குப் போனார். பின்கழுத்தில் கத்தி வைக்காதே என்று ஒரு வார்த்தை சொல்லாமல் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் மனுஷன். சீட்டையும் சேர்த்து வழித்துவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷமாகப் படித்துப் படித்துச் சொல்கிறேன், காதில் ஏறினால்தானே!

மதியம் சாப்பிடும்போது அவர் மூக்கு வேறாக இருந்தது. மூன்று மணிக்குக் காபி கொடுத்தேன். எப்போதும் பாதி டம்ளரை எனக்கென்று நகர்த்தி வைப்பார். கல்யாணமான மறுநாள் தொடங்கிய பழக்கம். அன்று முழுவதையும் குடித்துவிட்டு, "காபி நல்லா இருக்குங்க" என்றார். என்னைப் போய் 'ங்க' என்றார்! மூக்கு போனால் போகட்டும். அந்தப் பாதி டம்ளர் போய்விட்டால் நான் யாரோடு குடித்தனம் நடத்துவது?

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சொல் அலுவலகத்துக்கு ஓடினேன். மணி நாலரை.

"'மாறாத' தீர்ந்துபோச்சும்மா. இனி வியாழக்கிழமைதான் வரும்" என்றார் எழுத்தர் சிங்காரவேலு.

"வேற என்னதான் இருக்கு?"

அலமாரியைத் திறந்தார். 'நிரந்தர' இருந்தது. ஆனால் அது வேலைக்கும் முகவரிக்கும்தான் ஒட்டுமாம், மனிதத் தோலில் நிற்காதாம். 'அசையாத' ஒட்டும். போன மாதம் ஒருவருக்கு ஒட்டியதில் அவர் இன்னும் வாசல் பெஞ்சில்தான் இருக்கிறார் என்றார். திரும்பிப் பார்த்தேன். இருந்தார். மடியில் யாரோ குடையை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கடைசி 'ஓயாத' காலையிலேயே போய்விட்டது. வாங்கிப்போன அம்மாள் பேசுவது தெருமுனையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது.

"'தீராத' ஒண்ணு இருக்கு. வியாதிக்கும் ஆசைக்கும் எழுதுவோம். ஆளுக்கு ஒட்டினதில்லை. எப்படிப் போகும்னு என்னால சொல்ல முடியாதும்மா."

மணி நாலு ஐம்பத்தைந்து. கோவர்த்தனனின் காதுகள் சின்னதாகிக்கொண்டு வந்தன. என் பிடியிலிருந்து கையை மெதுவாக உருவிக்கொண்டு, "நீங்க யாருங்க?" என்று கேட்டார்.

தெரியாத சொல்லை அவர்மேல் ஒட்டிப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. என் பின்கழுத்தைத் தடவினேன். 'மாறாத'தான். அந்தக் காலத்துப் பசை, லேசில் வரவில்லை. தோலோடு பிய்த்தேன்.

"அம்மா, ஒருத்தர் சீட்டை இன்னொருத்தருக்கு..."

"கூடாதுன்னு எழுதியிருக்கா?"

சிங்காரவேலு விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "இல்லை."

"அப்போ சும்மா இருங்க."

கோவர்த்தனன் கழுத்தில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினேன். மூக்கு முதலில் திரும்பியது. பிறகு காதுகள். "தமா, ஏன் அழறே?" என்றார். நான் அழுதுகொண்டுதான் இருந்தேன். அதற்குள் சிங்காரவேலு எனக்குத் 'தீராத'வை ஒட்டி வாயால் ஊதினார். ஆலைச் சங்கு ஒலித்தது. மணி ஐந்து.

மறுநாள் காலை சமையலறைக்குப் போனேன். அங்கே நான் காபி கலந்துகொண்டிருந்தேன். கொல்லையில் ஒருத்தி கிளிப் போடாமல் துணி காயப்போட்டாள். நான்தான், எனக்கு அந்தச் சோம்பல் உண்டு. வாசலில் பால்காரரிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்ததும் நானே.

கோவர்த்தனன் டம்ளரை வாங்கினார். எங்களை ஒருமுறை எண்ணினார். பாதி குடித்தார். மீதியை நகர்த்தி வைத்தார்.

"நாலு பேரும் பங்கு போட்டுக்கோ, தமா" என்றார்.

குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு, தலையைத் துவட்டியபடி வந்தேன்.

"எனக்கு?" என்றேன்.