புள்ளிக்கு நான் வைத்த பெயர்

தெபாரான் அண்ணன் இருபது அடி தள்ளியே நின்றுவிட்டார். புதைத்த இடத்துக்கு அவருடைய காட்டு ஜனங்களான பெனான்கள் திரும்பிப் போவதில்லை. காட்டை வெட்ட மரக் கம்பெனி வருகிறது, இது தங்கள் நிலம் என்று காட்ட வரைபடம் வேண்டும் என்பதால்தான் மூன்று நாள் என்னோடு நடந்தார். ஓடைகளையும் கல்லறைகளையும் அவர் காட்டினார். நான் ஒவ்வொன்றையும் இடம் குறிக்கும் மெஷினில் ஒரு புள்ளியாக ஏற்றினேன். அட்டைகளுக்கு ரத்தம் கொடுத்ததும் என் பங்குதான்.

"அந்தப் பெரிய மரத்தடி," என்றார். "என் மக."

"பேரு அண்ணே?"

"ஒன்பது வருஷம் எங்க கூட இருந்துட்டு கேக்குற கேள்வியப் பாரு! உன் மெஷினுக்கே இதைவிட புத்தி இருக்கும், லியோங்."

செத்தவர் பெயரை அவர்கள் சொல்ல மாட்டார்கள். எனக்கும் தெரியும். ஆனால் மிரி டவுன் நில ஆபீஸ் படிவத்தில் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் கல்லறையைப் படத்தில் சேர்க்க மாட்டார்கள். சேர்க்காவிட்டால் லாரிப் பாதை அதன் மேலேயே போகும். இப்படிப்பட்ட நேரத்தில்தான் என் மூளை வேலை செய்து தொலைக்கும். பள்ளிக்கூடத்தில் என்னை அடித்த டீச்சரின் பெயரை எழுதினேன்: சூசன். அண்ணனிடம் சொல்லவில்லை.

நில விசாரணையில் கம்பெனி வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார்.

"சூசன் உங்க மகளாய்யா?"

"யாரு அது?"

"அந்த மரத்தடியில புதைச்சதா படத்துல இருக்கே."

அண்ணன் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அந்த மனிதருக்குப் பொய் வராது.

"அப்படி ஒரு பிள்ளை எனக்கில்ல."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் கேட்க அவருக்கு ஒன்றும் இல்லை. அதிகாரி அந்த வரியை அடிக்கப் பேனாவை எடுத்தார். அப்போதுதான் அண்ணன் எழுந்து மகளின் பெயரைச் சொன்னார். சின்னப் பெயர். பதினாறு வருஷமாக யார் வாயிலும் வராதது. சொல்லிவிட்டு மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"படத்துல வேற பேருல்ல இருக்கு," என்றார் அதிகாரி, நிமிராமலே. "இது ஒண்ணு பொய்னா மத்ததை எப்படி நம்புறது?" மொத்தப் படத்தையும் ஓரமாகத் தள்ளினார். பதினொரு கல்லறைகள், நாற்பது ஓடைகள்.

திரும்பும் வழியில் அண்ணன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஒரே ஒரு பேச்சுதான்.

"நான் பேரைச் சொன்னதை உன் அண்ணி பயாகிட்ட சொல்லிராத. அவளுக்கு அது இன்னொரு சாவு."

வீட்டு வாசலில் அவர் மனைவி பயா நின்றிருந்தார். ஆற்றுக்கு மேலே புல்டோசர் சத்தம் கேட்டது.

"தோத்துட்டோம் அண்ணி. தப்பு என்னோடது."

"அது தெரிஞ்சதுதான். உன்னை அனுப்பினா வேற என்ன நடக்கும்?" கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "புள்ளை பேரைச் சொல்ல வெச்சுட்டாங்களா?"

"இல்ல அண்ணி. அவர் வாயே திறக்கல."

"அப்பப் போதும்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அது ஒண்ணாவது எங்ககிட்ட இருக்கு."

அண்ணன் முதுகைக் காட்டி முற்றத்திலேயே நின்றார். பயா இரண்டு தடவை கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.