ஒன்பதாவது ஜன்னல்

ஹெஸ்டர் கட்புஷ் அம்மாள் அடுத்த ஊர்ப் பாதிரியார் வீட்டு ஜன்னல்களை எண்ணாத நாளே கிடையாது. ஓடைக்கு அந்தப் பக்கம், அந்தப் பாதிரியார் மனைவி ட்ருஸில்லா வீட்டு முகப்பில் ஒன்பது. தன் வீட்டில் ஏழு. இரண்டு பேருடைய புருஷன்மாரும் பாதிரிகள்தான், ஒரே வயது, ஒரே வழுக்கை. ஆனால் ட்ருஸில்லாவின் புருஷன் போன வருஷம் பழைய மரச்சட்ட வீட்டுக்கு முன்னால் புதுச் செங்கல் சுவர் எழுப்பி, நடுவில் தூண் வைத்த வாசலும் இருபுறமும் அச்சுப் பிசகாத ஜன்னல்களுமாய் அரண்மனை ஆக்கிவிட்டார். பின்பக்கம் அதே கோணல் கூரைதான். பின்பக்கம் யார் போகிறார்கள்?

இப்போது ஏப்ரலில் பிஷப் வருகிறார். மூன்று நாள் தங்குவாராம். எந்த வீடு என்று அவரே பார்த்துச் சொல்வாராம். ஹெஸ்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வெறித்து வெறித்துப் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. காலை வெயிலில் எட்டு ஜன்னல் பளபளக்கிறது. மாடியில் வலது கோடி மட்டும் மினுங்குவதே இல்லை. திரையும் எப்போதும் பாதியிலேயே நிற்கிறது.

"ஏங்க, அது வெறும் சுவருங்க! பெயின்ட் அடிச்சு ஊரை ஏமாத்துறா!"

"உனக்கென்னடி, விடேன்," என்றார் அவள் புருஷன் கட்புஷ்.

விடுவாளா? பிஷப் ட்ருஸில்லா வீட்டுப் புல்வெளியில் கைத்தடியை ஊன்றி, "லட்சணமான வீடு," என்று சொல்லி முடிப்பதற்குள் குரல் கொடுத்தாள்.

"ஐயாவுக்கு ஒதுக்கின அறை அந்தக் கோடிதானே ட்ருஸில்லா? கொஞ்சம் காத்தாட அந்த ஜன்னலைத் திறக்கச் சொல்லேன்."

ட்ருஸில்லா முகம் பீட்ரூட்டாகியது. "அது திறக்காது."

"ஏன், துருப்பிடிச்சுடுச்சா?"

"வரைஞ்சது. முகப்பு ரெண்டு பக்கமும் ஒண்ணா தெரியணும்னு... உள்ளே நிக்கறது புகைபோக்கி. அறைக்கு வெளிச்சம் பக்கத்துச் சுவர் ஜன்னல் வழியா வருது."

"எங்க வீட்டு ஏழும் நிஜ ஜன்னல், ஐயா! காத்து பிச்சுக்கிட்டு வரும்!" என்றாள் ஹெஸ்டர், ஊருக்கே கேட்கும்படி.

பிஷப் முழங்காலைத் தடவிக்கொண்டார். "புகைபோக்கின்னா, அந்தச் சுவர் சூடா இருக்குமாம்மா?"

"விடிய விடிய, ஐயா. சமையலறை அடுப்புப் புகை அதுவழியாத்தான் போகுது."

"காத்து இந்த மூட்டுக்கு ஆகாது. பெட்டியை இங்கேயே இறக்குங்கப்பா."

திரும்பும் வழியில் பாலம் தாண்டியதும் ஹெஸ்டர் புருஷனின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏங்க, நம்மளும் ஒரு ஜன்னலை அடைச்சு, பெயின்ட் அடிச்சிடலாமா?"

"எதை?"

"எதை வேணும்னாலும். அவ வீட்டைப் பார்க்கிற ஜன்னலை மட்டும் தொடாதீங்க."